கோவிச்சுக்கிட்டுப் போக ஒரு ரூம்

கோவிச்சுக்கிட்டுப் போறதுன்னா சும்மா இல்லீங்க. மொதல்ல போறதுக்கு ஒரு ஊடு வேணும். போய்ச் சேர்ந்ததும் "ஏஞ்சாமி, மொகம் வாடிக் கெடக்குது?"ன்னு கேக்க ஒரு ஆள் வேணும். சோறு வேண்டாம்னு நாம சொல்றப்ப, "ஒரு வாய் தின்னு"ன்னு தட்டத்தைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வர்றதுக்கு ஒரு ஆள் வேணும். அப்பறம் வந்து கூட்டிட்டுப் போக ஒரு புருசன் வேணும். இதுல எது கொறஞ்சாலும் கோவம் எடுபடாது. இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அதுவும் சேலத்துல ஒரு ஓட்டல் ரூம்ல உக்காந்துக்கிட்டு.

நான் வாக்கப்பட்டு வந்த ஊரு சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல இருக்குது. எங்கூட்டுக்காரரு லாரி வெச்சிருந்தாரு. இப்ப லாரியெல்லாம் பையன் பாத்துக்கறான், இவரு அவன் பாக்கறது செரியில்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. என்ற பொறந்த ஊடு பக்கந்தான். பஸ்ஸுல ஏறிக் கண்ணை மூடுனா, தொறக்கறதுக்குள்ள வந்துரும். வயசு இருந்த காலத்துல எனக்குக் கோவம் வந்துச்சுன்னா நாலு சேலைய ஒரு பையில திணிச்சுக்கிட்டு அங்க போயிருவேன். கோவத்துக்கா பஞ்சம்? லாரிக்காரன் பொண்டாட்டிக்குக் கோவப்படறதுக்குத் தெனமும் ஒரு காரணம் கெடைக்கும்.

போனா அம்மா கேள்வி மேல கேள்வி கேப்பா, அப்பா ஒண்ணுமே கேக்க மாட்டாரு. ரெண்டு மூணு நாள் போனதும் எங்கூட்டுக்காரரு வருவாரு. அதுக்குன்னு ஒரு மொறை இருக்குது. சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில மஞ்சப் பை. பைக்குள்ள வாழப்பழம், மிக்சர் பொட்டணம், பூ. செருப்பை வாசல்லயே கழட்டி விட்டுட்டு வந்து, நாற்காலி நுனியில பட்டும் படாம உக்காருவாரு. அம்மா சொம்புல தண்ணி கொண்டாந்து குடுப்பா. அப்பறம் ரெண்டு ஆம்பளைகளும் பேச ஆரம்பிப்பாங்க. மழை பேஞ்சுதா, கெணத்துல தண்ணி எப்பிடி, மஞ்சள் என்ன வெலை போவுதுன்னு ஒலகமெல்லாம் சுத்தி வந்து, கடைசியா எங்கூட்டுக்காரரு தரையப் பாத்துக்கிட்டே இழுப்பாரு: "அப்ப... அனுப்பி வெச்சீங்கன்னா, மாமா..." அப்பா உள்பக்கம் திரும்பி, "ஏஞ்சாமி, கெளம்பு"ம்பாரு. நான் கதவுக்குப் பின்னால பையோட ரெடியாத்தான் நின்னுக்கிட்டு இருப்பேன்.

இப்ப அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அந்த ஊட்டுல அண்ணனும் அண்ணன் சம்சாரமும் இருக்காங்க. எங்க பக்கம் அண்ணன் சம்சாரமும் நாத்தனாரும் ஒருத்தரை ஒருத்தரு நங்கையான்னுதான் கூப்புடுவோம். எங்க நங்கையா கெட்டவங்கன்னு நான் சொல்லல. காப்பி நல்லாத்தான் போடுவாங்க. ஆனா அந்தக் காப்பிய நான் குடிச்சு முடிக்கறதுக்குள்ள, நான் கோவிச்சுக்கிட்டு வந்த சேதி ஈரோடு வரைக்கும் போயிரும். மறுநா வெடியால "எப்பங்க கெளம்பறீங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பல கோவத்தை ஊட்டுக்குள்ளயே முழுங்கிட்டேன்.

இந்தத் தடவை முழுங்க முடியல. காரணம், புது ஊடு.

பழைய ஊட்டுக்குப் பக்கத்துல, தென்ன மரத்தையெல்லாம் எடுத்துட்டு, மாடி வெச்சுப் பெருசாக் கட்டறதுன்னு முடிவாச்சு. பையனும் மருமகளும் பேரனோட படிப்புக்குன்னு திருச்செங்கோட்டுல வாடகைக்கு இருக்காங்க, இனிமே எல்லாரும் ஒட்டுக்கா இருக்கலாம்னு ஏற்பாடு. நல்ல விசயந்தான். ஆனா ஆரைக் கேட்டு முடிவு பண்ணுனாங்க? மொதல்ல குலதெய்வத்தைக் கேட்டாங்க. எங்க பக்கம் அதுக்குப் பூக் கேக்கறதுன்னு பேரு. வெள்ளப் பூ ஒரு பொட்டணம், செவப்புப் பூ ஒரு பொட்டணம், ரெண்டையும் சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ள வந்தா சாமிக்குச் சம்மதம். வந்துச்சு. அப்பறம் தலைவாசல் எந்தப் பக்கம்னு வாஸ்துக்காரரைக் கேட்டாங்க. போர் எங்க போடறதுன்னு, உள்ளங்கையில தேங்காய வெச்சுக்கிட்டு நடந்து பாக்கறாரே, அவரைக் கேட்டாங்க. டைல்ஸ் கலரை மருமக வாட்சப்புல பாத்துச் சொல்லுச்சு. எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கறப்ப செவுத்துல பல்லி சத்தம் போட்டுச்சு. "பாத்தீங்களா, பல்லியே ஆமாங்குது!"ன்னு எங்கூட்டுக்காரருக்கு ஒரே சந்தோசம்.

சாமியக் கேட்டாச்சு, தேங்காயக் கேட்டாச்சு, பல்லியக்கூடக் கேட்டாச்சு. அந்த ஊட்டுல காலம் பூரா அடுப்புக் கிட்ட நிக்கப் போறவளை ஒருத்தரும் கேக்கல.

இன்ஜினியரு வந்து பிளானை மேசையில விரிச்சாரு. எங்கூட்டுக்காரரும் பையனும் ரெண்டு பக்கமும் குனிஞ்சு பாத்தாங்க. நான் டீ கொண்டு போனேன். டம்ளரை வெக்கறப்ப எட்டிப் பாத்தா, சமையக்கட்டுக்குப் பொறவாசலே இல்ல. பொறவாசல் இல்லாத சமையக்கட்டு ஒரு சமையக்கட்டா? முருங்கக்கீரை உருவறது எங்க, பாத்தரம் கழுவுன தண்ணிய வாழைக்கு ஊத்தறது எப்பிடி? "ஏனுங்க, பொறவாசல் வெக்கலீங்களா?"ன்னு கேட்டேன். எங்கூட்டுக்காரரு தலையத் தூக்காமயே இன்ஜினியர்கிட்டச் சொன்னாரு: "அவ கெடக்கறா, நீங்க மேல சொல்லுங்க."

அவ கெடக்கறா! கட்டுத்தரையில மாடு கெடக்குது, மூலையில ஒரல் கெடக்குது, நானும் கெடக்கறேன். சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. இந்த மனுசன் என்னை வையவே இல்ல, ஈ ஓட்டற மாதிரி ஓட்டிட்டாரு. அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். பொறவாசல் வெச்சா வெக்கறாங்க, இல்லாட்டிப் போகுது. இவரு என் முன்னால வந்து நின்னு, என் மூஞ்சியப் பாத்து, ஒரு விசயமாச்சும் என் வாயில இருந்து பதில் வாங்கற மாதிரி என்னைக் கேக்கணும். கேக்கற வரைக்கும் அந்த வாசப்படிய நான் மிதிக்கப் போறதில்ல.

பெங்களூருல இருக்கற மககிட்டப் போன்ல சொன்னேன். "மாமா ஊட்டுக்குப் போம்மா"ன்னா. "அதுக்கு உங்கப்பன் காலுலயே உழுந்துருவேன்"ன்னேன். அவ கொஞ்ச நேரம் சிரிச்சுட்டு, சேலத்துல பைபாஸ் பக்கமா ஒரு சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் இருக்குது, மாசக்கணக்குல தங்கறவங்களுக்குன்னே கட்டுன ஓட்டல், சமைச்சுக்கலாம், துணி தொவைச்சுக்கலாம், நானே போட்டுத் தாரேன்னா. படம் அனுப்புனா. மெத்தையென்ன, சோபாவென்ன, சன்னல் வழியா வர்ற வெயிலென்ன! "ஊடு மாதிரியே இருக்கும்மா"ன்னா. ஊடு மாதிரின்னு சொன்னப்பவே நான் உசாராகியிருக்கணும். ஊட்டைப் புடிக்காமத்தான கெளம்பறேன்?

பையெடுத்து வெளிய வந்தேன். "எங்க?"ன்னாரு எங்கூட்டுக்காரரு. "போறேன்"ன்னேன். "செரி"ன்னுட்டுப் பேப்பரைப் புரட்டுனாரு. பஸ் ஸ்டாப் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன்.

ஓட்டல் படத்துல இருந்த மாதிரியேதான் இருந்துச்சு, படம் எடுத்த அன்னைக்கு. அப்பறம் ஆரும் அதைத் தொட்ட மாதிரி தெரியல. மேசை மேல ஒரு கிண்ணத்துல ஆப்பிளும் ஆரஞ்சும் இருந்துச்சு. பசிக்குதேன்னு ஆப்பிளை எடுத்தா, பிளாஸ்டிக்கு. கிண்ணத்தோட சேத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தாங்க, ஆராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்களாமா. படத்துல வெயில் வந்த சன்னலைத் தொறந்தேன். ஒரு கொலுசுக் கடை விளம்பரப் பலகையோட முதுகு தெரிஞ்சுது. பூரா இரும்புக் கம்பி, அதுல ரெண்டு காக்கா. விளம்பரத்துல இருக்கற புள்ள ரோட்டைப் பாத்துச் சிரிக்குது, எனக்கு அவ முதுகுகூடத் தெரியல.

கட்டில் நடுவுல ஒரு குழி. எனக்கு முன்னால தங்குனவரு பெரிய சரீரம் போல. காலி பண்ணிட்டாருன்னு சொன்னாங்க, ஆனா மெத்தைய உட்டு இன்னும் எந்திரிக்கல. எந்தப் பக்கம் படுத்தாலும் உருண்டு அவரு எடத்துக்கே போயிச் சேருவேன். வாக்கப்பட்டு இத்தனை வருசத்துல இன்னொருத்தர் குழியில படுக்கற நெலமை வந்துச்சேன்னு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. குளிக்கப் போனா, செவப்புப் புள்ளி வெச்ச குழாயில பச்சத்தண்ணி வந்துச்சு, நீலப் புள்ளியில ஒண்ணுமே வரல. பிரிட்ஜு ஒரு சூட்கேஸ் அளவு இருக்கும், அது போட்ட சத்தம் தொப்பூரு மேட்டுல லோடு லாரி ஏறற மாதிரி.

போச்சாது, சமைச்சாவது சாப்புடலாம்னு பாத்தேன். ஊட்டுல இருந்து அரிசியும் தொவரம்பருப்பும் கட்டிக்கிட்டு வந்திருந்தேன். அரிசியும்பருப்புஞ்சோறு ஆக்கி, மேல நெய் ஊத்தித் தின்னா எந்த வெசனமும் கொஞ்ச நேரத்துக்கு ஒதுங்கி நிக்கும். ஆனா அங்க இருந்தது கரண்டு அடுப்பு. என்ற அலுமினியக் குண்டாவ மேல வெச்சா அடுப்பு கண்டுக்கவே இல்ல, கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. கீழ ரிசப்ஷன்ல இருந்த புள்ளைய மேல கூப்புட்டுக் காமிச்சேன்.

"இதுக்குன்னு தனிப் பாத்திரம் இருக்கு மேடம். அதான் வைக்கணும்"ன்னா.

"அப்ப அதைக் குடு சாமி."

"ஸ்டாக் வரல மேடம்."

"அலமாரியில முள்ளுக் கரண்டி கத்தை கத்தையாக் கெடக்குதே, ஒரு சட்டிக்கு வழியில்லியா?"

"சார்ட்ட சொல்றேன் மேடம்"ன்னா. அந்தப் புள்ளைக்குக் கெங்கவல்லிப் பக்கமாம். நல்ல புள்ளைதான், ஆனா எதைக் கேட்டாலும் இந்த ஒரு பதிலைத்தான் வெச்சிருந்தா. தண்ணி வரல, சார்ட்ட சொல்றேன் மேடம். கட்டில்ல குழி, சார்ட்ட சொல்றேன் மேடம். அந்தச் சாரு ஆரு, எங்க இருக்காருன்னு அன்னைக்கு வரைக்கும் நான் கண்ணுல பாக்கல.

இதெல்லாங்கூட நான் பொறுத்துக்குவேன். பெரிய ஏமாத்தம் வேற. அந்த எடத்துல நிம்மதியா ஒரு கோவம் பட முடியல.

மொத நாள் வெடியால கீழ நாஷ்டா வெச்சிருக்காங்கன்னு போன் வந்துச்சு. நான் வழக்கம் போல "எனக்கு வேண்டாம்"னு மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சொன்னேன். அம்மாவா இருந்தா இந்நேரம் தட்டத்தோட வந்திருப்பா. ஆராச்சும் வருவாங்கன்னு கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல. பசி தாங்காம எறங்கிப் போறப்ப அண்டாவெல்லாம் கழுவிக் கவுத்துட்டாங்க. என் கோவத்துக்குப் பலியானது என் வயிறு மட்டுந்தான்.

மறுநா நல்லா உம்முன்னு மூஞ்சிய வெச்சுக்கிட்டு ரிசப்ஷன் முன்னால சோபாவுல உக்காந்தேன். ஒரு பெருமூச்சு உட்டேன். இன்னொண்ணு உட்டேன், கொஞ்சம் சத்தமா. அந்தப் புள்ள போனுல இருந்து நிமிந்து பாத்து, பதறிப் போயி வந்தா. ஆகா, கேட்டுட்டாடா ஒருத்தி, சொல்லிறலாம்னு மொகத்தைத் தொடைச்சேன்.

"மேடம், எதுனா கோவம்னா எங்ககிட்டயே சொல்லிடுங்க. ஆன்லைன்ல ஸ்டார் மட்டும் கொறைச்சுப் போட்டுடாதீங்க"ன்னா.

அட கெரகமே! நான் புருசன் மேல கோவிச்சுக்கிட்டு வந்திருக்கேன், இவளுக்கு நட்சத்திரக் கவலை. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கோவம்னா அதைப் பாத்து நாலு பேரு சங்கடப்படணும். இங்க சங்கடப்பட ஆளே கெடையாது. நான் அழுதாலும் சிரிச்சாலும் துண்டு மாத்த ஒருத்தன் வருவான், கதவைத் தட்டிட்டுப் போயிருவான். அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் நான் இப்பிடிக் கெடந்து சாகறேன், அந்தப் பக்கம் எங்கூட்டுக்காரரு ஒரு வேலை பண்ணியிருக்காரு. ரெண்டு மூணு நாள் கழிஞ்சதும், மொறைப்படி வேட்டி கட்டி, மஞ்சப் பையில பழமும் மிக்சரும் வாங்கிக்கிட்டு, எங்கண்ணன் ஊட்டுக்குப் போயி நாற்காலி நுனியில உக்காந்துட்டாரு. அவரு கணக்குல நான் கோவிச்சுக்கிட்டா அங்கதான் இருப்பேன். மழையப் பத்தியும் மஞ்சளைப் பத்தியும் பேசிட்டு, "அப்ப அனுப்பி வெச்சீங்கன்னா..."ன்னு எங்கண்ணன்கிட்ட இழுத்திருக்காரு. அண்ணன் முழிச்சிருக்கான். "ஆரை மாப்பள?"ன்னு கேட்டிருக்கான்.

இதை எனக்குச் சொன்னது எங்க நங்கையாதான். போன்ல சிரிப்பை அடக்க முடியல அவங்களுக்கு. "ஏனுங்க நங்கையா, ஊட்டுக்கு வராம ஓட்டல்ல ரூம் போட்டுட்டீங்களாமா? உங்க மக சொல்லுச்சு. ஏசியெல்லாம் இருக்குதுங்களா?" நான் எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஓட்டலுக்கு வந்தேனோ, அந்தச் சிரிப்பு ஓட்டலுக்கே வந்துருச்சு. "இருக்குதுங்க, நல்லா குளுகுளுன்னு இருக்குது"ன்னு சொல்லிட்டு வெச்சேன். ஏசி ரிமோட்டுல பேட்டரி இல்ல, அதை எதுக்கு அவங்ககிட்டச் சொல்லணும்?

வெச்சதுக்கப்பறம் கெடந்து யோசிச்சேன். என்னைத் தேடி ஒரு ஊட்டுக்குப் போகத் தெரிஞ்ச மனுசனுக்கு, எனக்கு ஒரு போன் போடத் தெரியலியே. கையிலதான வெச்சிருக்காரு போனை? "எங்க இருக்கற?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய்ல இருந்து முத்தா உதுந்துரும்? எனக்கு அப்ப அழுகை வந்துச்சு. நெசமாவே வந்துச்சு. காலி பண்ணிட்டுப் போயிறலாம், ஆரு கேட்டா என்ன, கேக்காட்டி என்ன, என்ற ஊடு என்ற கட்டிலுன்னு பைய எடுத்து மேல வெச்சேன். அப்பறம் அந்த "அவ கெடக்கறா" ஞாபகம் வந்துச்சு. பைய மறுபடியும் கீழ எறக்கிட்டேன்.

அதுக்கு அடுத்த நாள், பொழுது உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடி, நான் கீழ டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அங்க ஒரு பிளாஸ்டிக்குப் பனைமரம் உண்டு, அதுக்குப் பின்னால ஒரு மேசை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு ஆரோ வந்தாங்க. பாத்தா, எங்கூட்டுக்காரரு.

சலவை வேட்டி, மஞ்சப் பை. பைக்கு மேல வாழப்பழத்தோட காம்பு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உள்ள வெச்ச காலைப் பின்னால எடுத்து, செருப்பைக் கழட்டிக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய ஓரமா ஜோடியா வெச்சுட்டு, வெறுங்காலோட அந்தப் பளபளத் தரையில நடந்து வந்தாரு. சோபாவுல நுனியில உக்காந்தாரு. என்னைப் பாக்கல. பனைமரம் மறைச்சிருச்சு. எனக்கு எந்திரிச்சுப் போகத் தோணல. இந்தாளு என்ன பண்ணப் போறாருன்னு பாக்கணும்.

ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருந்தாரு. அப்பறந்தான் எனக்குப் புரிஞ்சுது, சொம்புல தண்ணி வரும்னு காத்துக்கிட்டு இருக்காரு! கெங்கவல்லிப் புள்ள போனையே பாத்துக்கிட்டு இருந்தா. இவரு ஒரு தடவை கனைச்சாரு. அவ நிமிந்தா.

"சொல்லுங்க சார்."

"பெரியவங்க ஆராச்சும் இருக்காங்களாம்மா?"

"மேனேஜர் வெளிய போயிருக்காரு சார். இப்ப வந்துடுவாரு."

"வரட்டும், வரட்டும். நான் இருக்கறேன்."

கொஞ்ச நேரத்துல மேனேஜர் வந்தான். நான் இத்தனை நாளாக் கண்ணால பாக்காத அந்தச் சாரு அவன்தான். எங்க பையனைவிடச் சின்னவன், கழுத்துல டை. இவரு சடார்னு எந்திரிச்சுக் கும்புட்டாரு. "நீங்கதானுங்களா இங்க பெரியவரு?"ன்னாரு. அவன் பின்னால திரும்பிப் பாத்துட்டு, "நான்தான் சார் மேனேஜர்"ன்னான்.

இவரு பையில இருந்து பழத்தையும் மிக்சரையும் எடுத்து, ரெண்டு கையாலயும் ரிசப்ஷன் மேசை மேல வெச்சாரு. பூவை எங்க வெக்கறதுன்னு தெரியாம, அந்தப் புள்ளைக்கு முன்னால இருந்த கம்ப்யூட்டர் மேல வெச்சாரு. வெச்சுட்டு ஆரம்பிச்சாரு. "மழை ஏதுங்க இந்தப் பக்கம்?"

"இல்ல சார், மழை இல்ல"ன்னான் அவன், ஒண்ணும் புரியாம.

"எங்க பக்கமும் இல்லீங்க. போரெல்லாம் வத்திப் போச்சு." கொஞ்சம் நிறுத்துனாரு. தரையப் பாத்தாரு. "நம்ம ஊட்டுல பொம்பளை இங்க வந்து இருக்குதுங்க. ஒரு சின்ன மனஸ்தாபம். ஊடுன்னா இருக்கறதுதானுங்களே. நீங்க அனுப்பி வெச்சீங்கன்னா... கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

அவன் கம்ப்யூட்டரைத் தட்டுனான், பூவை ஒதுக்கிட்டு. "மேடம் ரூமா சார்? மாசத்துக்குப் புக் பண்ணியிருக்காங்க. முன்னாடியே செக் அவுட் பண்ணா பணம் திரும்ப வராது, பரவால்லியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேட்டுக்கும். 'கெளம்பு'ன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"நான் எப்படி சார் சொல்ல முடியும்? அவங்க கெஸ்ட். போறதும் இருக்கறதும் அவங்க விருப்பம். நீங்க அவங்களத்தான் கேக்கணும்."

எங்கூட்டுக்காரரு அவனைப் பாத்துக்கிட்டே நின்னாரு. "அவளையா?"ன்னாரு.

கிண்டலாக் கேக்கல. நெசமாவே தெரியாமத்தான் கேட்டாரு. எனக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு, டீ மூக்குல ஏறிருச்சு. அதோட சேந்தே கோவமும் வந்துச்சு. எத்தனை தடவை வந்து கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு, ஒரு தடவையாச்சும் இவரு என்னைக் கூப்புட்டாரா? கேட்டது எங்கப்பாவை. அனுப்புனது எங்கப்பா. நான் கதவுக்குப் பின்னால பையோட நின்னு, புருசன் நம்மளைத் தேடி வந்துட்டாருன்னு பூரிச்சுப் போவேன். வாரயான்னு அவரும் கேக்கல, போறயான்னு எங்கப்பாவும் கேக்கல. ரெண்டு பேரும் சேந்து என்னை லோடு ஏத்தி எறக்கியிருக்காங்க, எனக்கு அது இத்தனை வயசுக்கு அப்பறம் ஒரு ஓட்டல்ல, டை கட்டுன ஒரு சின்னப் பையன் வாயில இருந்துதான் தெரியணும்னு இருந்திருக்குது.

நான் இருமுன சத்தத்துல அந்தப் புள்ள கையைக் காமிச்சா. "மேடம் அங்கதான் சார் இருக்காங்க."

வெறுங்காலோட நடந்து வந்து மேசைக்கு முன்னால நின்னாரு. உக்காரச் சொல்லலை நான். எருமை ரெண்டு நாளாப் பால் எறக்க மாட்டீங்குதுன்னாரு. நான் டீயக் குடிச்சேன். மோட்டாரு காயில் போயிருச்சுன்னாரு. குடிச்சேன். அப்பறம் பெரிய பிரம்மாஸ்திரத்தை எடுக்கற மாதிரி, "சமையக்கட்டுக்குப் பொறவாசல் வெக்கச் சொல்லிட்டேன். வடக்குப் பக்கம்"ன்னாரு.

"அதை ஆரைக் கேட்டு வெச்சீங்க?"

"நீதான கேட்ட?"

"நான் கேட்டேன். நீங்க என்னைக் கேட்டீங்களா? வடக்கால வெச்சா பூரா மழைச் சாரலும் அடுப்பு மேல அடிக்கும். பல்லி சொல்லுச்சா வடக்குன்னு?"

திரும்பி மேனேஜரைப் பாத்தாரு. அவன் ஒரு பழத்தை உரிச்சு வாயில வெச்சுக்கிட்டு, நீங்களே பாத்துக்குங்கன்னு தலைய ஆட்டுனான். வேற ஆரும் இல்ல அங்க. மாமா இல்ல, மச்சான் இல்ல, சாமியில்ல. நானும் அவருந்தான். அவரு நெத்தியில வேத்துருச்சு. ஒத்தையில பம்பாய் வரைக்கும் லாரி ஓட்டிக்கிட்டுப் போன ஆளு, ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இந்தப் பாடு. எனக்கே பாவமா இருந்துச்சு, ஆனா வாயத் தொறக்கல நான்.

ரொம்ப நேரம் கழிச்சு, என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு. "வாரயா?"

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. பதில் என்னன்னு எனக்குத் தெரியும். அந்த மெத்தையில இன்னொரு நாள் படுத்தா இடுப்பு போயிரும். ஊட்டுக்குப் போயி ஒரு சட்டியில சோறாக்கித் தின்னணும், என்ற எருமைய நானே கறக்கணும். ஒடம்பு பூரா வாரேன் வாரேன்னுதான் சொல்லுச்சு. ஆனா பதில் சொல்ற எடத்துல என்னை ஒருத்தரு நிக்க வெச்சது அன்னைக்குத்தான். இல்லைன்னு சொன்னா என்ன ஆவும்னு ஒரு தடவை பாக்காம எப்பிடி?

"வரலீங்க"ன்னேன்.

ஒண்ணும் ஆகல. கத்துவாருன்னு பாத்தேன், கத்தல. வேட்டிய உதறிக்கிட்டுப் போயிருவாருன்னு நெனச்சேன், போகல. எதிர்ல இருந்த நாற்காலிய இழுத்து, நல்லா முழுசா உக்காந்தாரு. அந்தப் புள்ள இவருக்கும் ஒரு டீ கொண்டாந்து வெச்சா. குடிச்சு முடிச்சு டம்ளரைத் தள்ளி வெச்சுட்டு, எந்திரிக்கப் போனவரு நின்னு, கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரிக் கேட்டாரு.

"நாளைக்கு வந்து கேக்கட்டுமா?"

இவரு இதைக் கேப்பாருன்னு நான் நெனச்சுக்கூடப் பாக்கல. கண்ணு ரெண்டும் நெறஞ்சு போச்சு எனக்கு. சேலைத் தலைப்புல தொடைச்சுக்கிட்டு, "கேளுங்க"ன்னேன்.

மறுநா வந்தாரு. மேனேஜர் அங்கயேதான் நின்னுக்கிட்டு இருந்தான், வணக்கங்கூடச் சொன்னான். அவனைக் கண்டுக்காம நேரா என்கிட்ட வந்து நின்னு, "வாரயா?"ன்னாரு. மேல என் பை கட்டித் தயாரா இருந்துச்சு. இருந்தாலும் நான் உடனே பதில் சொல்லல, கொஞ்சம் யோசிச்சுத்தான் சொன்னேன்.